லாரியில் பிறந்து ஸ்போர்ட்ஸ் காரில் ஓடிய பம்ப்

1927-ஆம் ஆண்டின் இறுதியில், ஸ்டுட்கார்ட்டில் ராபர்ட் பாஷின் தொழிற்சாலை டீசல் லாரிகளுக்கான எரிபொருள் பம்பைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கியது. உருளைக்குள் மேலும் கீழும் போய்வரும் சிறு பிளஞ்சர். அதன் பக்கவாட்டில் சாய்வாக ஒரு வெட்டு. ‘ராக்’ என்ற பல்தண்டு நகர்ந்து பிளஞ்சரைத் திருப்பினால், அந்த வெட்டு துவாரத்தைச் சேரும் இடம் மாறும். சிலிண்டருக்குப் போகும் எரிபொருளின் அளவும் மாறும். பாஷின் இந்திய நிறுவனமான மைக்கோவின் பம்புகளைப் பிரித்து மாட்டிய நம்மூர் மெக்கானிக்குகள் ‘எலிமெண்ட்’ என்பது இதைத்தான். அந்த எலிமெண்ட் லாரியை விட்டு இறங்கி, விமானம் ஏறி, போர்ஷே 911 காருக்குள் குடிபோன கதை இது.

இந்தப் பம்பைப் பெட்ரோலுக்குப் பயன்படுத்த ஒரு தடை இருந்தது: டீசலுக்கு வழவழப்பு உண்டு, பெட்ரோலுக்குக் கிடையாது. அதனால் பெட்ரோல் பம்பின் உட்பாகங்களுக்கு என்ஜின் ஆயிலையே கொடுத்து உராய்வைத் தடுத்தார்கள். டெய்ம்லர்-பென்ஸின் டிபி 601 விமான என்ஜின் இப்படித்தான், சிலிண்டருக்குள்ளேயே பெட்ரோலைப் பீய்ச்சும் நேரடி இன்ஜெக்‌ஷன் பெற்றது. 1940-இல் பிரிட்டன் வானில் நடந்த சண்டையில் இதன் பலன் தெரிந்தது. இந்த என்ஜின் பொருத்திய மெஸ்ஸர்ஷ்மிட் விமானம் மூக்கைச் சட்டென்று கீழே சாய்த்துப் பாய்ந்தபோது, துரத்திய பிரிட்டிஷ் விமானத்தின் கார்புரேட்டர் என்ஜின் திணறி நின்றது. பியாட்ரிஸ் ஷில்லிங் என்ற பொறியாளர் 1941-இல் துளையிட்ட சிறு தட்டு ஒன்றைப் பொருத்தி அந்தக் குறையைப் பெருமளவு தீர்த்தார்.

போர் முடிந்ததும் ஜெர்மனி விமான என்ஜின் செய்யத் தடை வந்தது. பம்ப் தரையிறங்கி, 1950-களின் தொடக்கத்தில் குட்புரோட், கோலியாத் என்ற சின்னஞ்சிறு டூ-ஸ்ட்ரோக் கார்களில் தங்கியது. குட்புரோட்டில் அந்த வேலையைச் செய்த ஹான்ஸ் ஷெரன்பெர்க் பிறகு டெய்ம்லர்-பென்ஸுக்குத் திரும்பினார். 1954-இல் நியூயார்க் கண்காட்சியில் அந்நிறுவனத்தின் மெர்சிடிஸ் 300 எஸ்.எல். நேரடி இன்ஜெக்‌ஷனோடு நின்றது. அதிலும் ஒரு குறை இருந்தது. சாவியைத் திருப்பி நிறுத்திய பிறகும், என்ஜின் சுழன்று ஓயும்வரை பம்ப் பெட்ரோலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அது சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலைக் கெடுத்தது.

போர்ஷே அந்த வழியில் போகவில்லை. சிலிண்டருக்குள் பீய்ச்சாமல், உள்ளிழுக்கும் வால்வுக்கு முன்னால் பீய்ச்சினார்கள். 1969 மாடலில் 911 இ, 911 எஸ் இரண்டிலும் பாஷ் பம்ப் வந்தது. முந்தைய ஆண்டு கார்புரேட்டரோடு 160 குதிரைத்திறன் தந்த எஸ், இப்போது 170 தந்தது. 1972 பாரிஸ் கண்காட்சியில் அறிமுகமான கரேரா ஆர்.எஸ். 2.7 இதே வகைப் பம்போடு 210-ஐத் தொட்டது.

அந்தப் பம்பில் ஆறு எலிமெண்ட்கள், மூன்று மூன்றாக இரண்டு வரிசை. இடப்புறக் கேம்‌ஷாஃப்ட்டிலிருந்து வரும் பல் பெல்ட் அதைச் சுழற்றுகிறது. அதன் மூளை, உள்ளே இருக்கும் மேடுபள்ளமான ஓர் எஃகுக் கேம். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அது திரும்பும். வேகம் கூடினால் கவர்னர் அதை நீளவாக்கில் நகர்த்தும். எந்த வேகத்தில், எவ்வளவு மிதியில், எவ்வளவு பெட்ரோல் என்ற கணக்கு முழுவதும் அந்தப் பரப்பின் வடிவத்திலேயே செதுக்கப்பட்டிருக்கிறது. அதைத் தொட்டு நகரும் நெம்புகோல் ராக்கை இழுக்கிறது. மலையேறினால் காற்றழுத்தம் குறைவதை உணர்ந்து பெட்ரோலைக் குறைக்க ஒரு தனிக் குடுவையும் உண்டு.

இதை அட்ஜஸ்ட் செய்ய போர்ஷே ஒரு கையேடே வெளியிட்டது. அதன் சாரம் வரிசைதான்: கம்ப்ரெஷன், வால்வு இடைவெளி, இக்னிஷன் மூன்றும் முதலில், பிறகு பம்பின் பெல்ட் டைமிங். அடுத்து ஆறு த்ராட்டில்களிலும் காற்று ஒரே அளவு போகிறதா என்று ஒவ்வொன்றாக அளக்க வேண்டும். அதன்பின் கோணமானி ஒன்றை த்ராட்டிலிலும் இன்னொன்றைப் பம்ப் நெம்புகோலிலும் மாட்டி, இது இத்தனை டிகிரி திரும்பும்போது அது இத்தனை டிகிரி திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். இணைக்கும் கம்பியின் நீளம் சற்றே பிசகினாலும் கேமின் கணக்கு முழுவதும் தப்பும். கடைசியாகத்தான் கலவை. என்ஜினை நிறுத்திவிட்டு, நீண்ட கருவியை நுழைத்து, ஸ்க்ரூவை அழுத்தி ஒவ்வொரு ‘க்ளிக்’காகத் திருப்பி, மீண்டும் ஓட்டிப் புகையில் கார்பன் மோனாக்ஸைடை அளக்க வேண்டும்.

கலவை தாறுமாறாக இருந்தால், முதலில் பார்க்க வேண்டியது பம்பின் வார்ம்-அப் தெர்மோஸ்டாட். என்ஜின் சூடாவதை அறிய, புகைக்குழாய்ச் சூட்டில் காய்ந்த காற்று ஒரு ஹோஸ் வழியாக அங்கே வருகிறது. ஹோஸ் கிழிந்தாலோ, உள்ளே இருக்கும் இரட்டை உலோகத் தகடுகள் துருப்பிடித்தாலோ, என்ஜின் கொதித்தாலும் குளிர்ந்திருப்பதாகவே பம்ப் எண்ணும். பெட்ரோல் வாடை அடிக்கும், பிளக் கரியாகும். பழி மட்டும் பம்பின் தலையில் விழும்.

1973-இலிருந்து கே-ஜெட்ரானிக் என்ற எளிய முறை அதன் இடத்தைப் பிடிக்கத் தொடங்கியது. பழைய பம்பை அட்ஜஸ்ட் செய்யும் வரிசை தெரிந்த கைகள் குறைந்தன. பல உரிமையாளர்கள் பம்பைக் கழற்றிவிட்டு வெபர் கார்புரேட்டரை மாட்டினார்கள். பின்னாளில் பழைய கார்களின் மதிப்பு ஏறியபோது, கழற்றிய பம்பையே தேடிப் பிடித்து, செப்பனிட்டு மாட்டத் தொடங்கினார்கள். ஆண்டுக்கணக்கில் ஓடாமல் நின்ற பம்பில் பெட்ரோல் பிசினாகிப் பிளஞ்சர் இறுகியிருக்கும். அதை விடுவிப்பது பொறுமையான வேலை.

இந்தப் பம்ப் பெரும்பாலும் குற்றமற்றது. சுற்றியுள்ளவை சரியாக இருந்தால் அரை நூற்றாண்டு தாண்டியும் உழைக்கும். ஆகவே, இப்படி ஒரு கார் உங்கள் கைக்கு வந்தால் காரை நிறுத்தியே வைக்காதீர்கள், அடிக்கடி ஓட்டுங்கள். மற்ற எல்லாவற்றையும் சோதித்து முடிக்கும்வரை அந்தக் கலவை ஸ்க்ரூவைத் தொடாதீர்கள்.