மவுண்ட் மாறியதும் மாறாததும்

1985-ல் மினோல்டா 7000 வந்து சக்கைபோடு போட்டதும், மற்ற கேமரா கம்பெனிகளும் ஆட்டோஃபோகஸ் பக்கம் ஓடின. கேனன் 1987-ல் இஓஎஸ் வரிசைக்காக, லென்ஸ் மாட்டும் வளையமான மவுண்டையே மாற்றியது. பழைய எஃப்டி லென்ஸ் வைத்திருந்தவர்கள் கொதித்துப்போனார்கள். (நியாயமான கோபம்தான்!) நிக்கானோ 1959-லிருந்து இருந்த எஃப் மவுண்டை விடவில்லை.

விலை குறைந்த மாடல்களைப் பார்த்தால் கதை தலைகீழ். நிக்கான் எஃப்65, எஃப்75 இரண்டிலும் பழைய மேனுவல் லென்ஸை மாட்டலாம், ஆனால் லைட் மீட்டர் வேலை செய்யாது. எஃப்55 இன்னும் மோசம்: உள்ளேயே மோட்டார் உள்ள ஏஎஃப்-எஸ் லென்ஸ்களுக்கு அதில் ஆட்டோஃபோகஸே கிடையாது. மவுண்ட் மாறவில்லை என்பது பாதி உண்மைதான். 1999-ல் வந்த கேனன் இஓஎஸ் 300-ன் மவுண்ட் வெறும் பிளாஸ்டிக். இருந்தாலும் கேனனின் எந்த இஎஃப் லென்ஸை மாட்டினாலும் தானாக ஃபோகஸ் ஆகும். மோட்டாரை முதல் நாளிலிருந்தே லென்ஸுக்குள் வைத்ததுதான் காரணம்.