கத்தோலிக்கச் சமூகச் சிந்தனை வாசிப்பில் வரைவுகளின் இடம்: 1891, 1931 சுற்றுமடல்களை முன்வைத்து

திறவுச்சொற்கள்: சுற்றுமடல், தொழிற்சங்கம், வரைவு, கெட்டலர், நெல்-புரூனிங், ஆஸ்திரியா

முன்னுரை

கத்தோலிக்கச் சமூக, அரசியல் சிந்தனையைக் கற்கப் புகுவோர்க்குப் பெரும்பாலும் ஒரே வாசிப்பு வரிசையே பரிந்துரைக்கப்படுகிறது. திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1891 மே 15-இல் வெளியிட்ட 'ரேரும் நோவாரும்' தொடங்கி, பதினோராம் பயஸின் 'குவாத்ராஜேசிமோ ஆன்னோ' (1931), ஆறாம் பவுலின் 'பொப்புலோரும் புரோகிரேசியோ' (1967), இரண்டாம் யோவான் பவுலின் 'சென்தேசிமுஸ் ஆன்னுஸ்' (1991) எனச் சுற்றுமடல்களைக் காலவரிசையில் படிப்பதே அம்முறை. ஒவ்வொரு மடலும் தனக்கு முந்தையதைச் சான்று காட்டிச் செல்வதால், இடையறாது ஒலிக்கும் ஒரே குரல் என்னும் தோற்றம் வாசகரிடம் உருவாகிறது. மடல்கள் உருவான விதத்தை நோக்கும்போது அத்தோற்றம் நிலைப்பதில்லை. வாசிப்புப் பட்டியலில் வரைவுகளும் அவற்றைப் பற்றிய சாட்சியங்களும் ஏன் இடம்பெற வேண்டும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

மடலுக்கு முன்

1891-ஐத் தொடக்கப் புள்ளியாகக் கொள்வதே முதற் குறை. 1848-இல் பிராங்க்பர்ட் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த வில்ஹெல்ம் இம்மானுவேல் ஃபொன் கெட்டலர், அவ்வாண்டின் இறுதியில் மைன்ஸ் பேராலயத்தில் சமூகச் சிக்கல்கள் குறித்து ஆறு மறையுரைகள் ஆற்றினார். தாமஸ் அக்குவினாஸின் சொத்துக் கோட்பாட்டை அடிப்படையாகக் கொண்டு, உடைமை தனியாருடையதாயினும் அதன் பயன் பொதுவானது என அவர் வாதிட்டார். 1850-இல் மைன்ஸ் ஆயரான பின்னும் இவ்வாய்வு தொடர்ந்தது. 1864-இல் தொழிலாளர் சிக்கலும் கிறித்தவமும் பற்றிய நூலை வெளியிட்டார். அவ்வாண்டில் தம் பெயரை மறைத்துச் சமதர்மத் தலைவர் பெர்டினாண்ட் லஸாலுக்குக் கடிதம் எழுதி, தொழிலாளர் உற்பத்திச் சங்கங்கள் அமைப்பது குறித்து ஆலோசனை கேட்டார். ஓர் ஆயர் சமதர்மவாதியிடம் வழி கேட்ட இச்செய்தி, சுற்றுமடல்களை மட்டும் வாசிப்போர் கண்ணில் படுவதில்லை.

ஆயினும் கத்தோலிக்கர் அனைவரும் ஒரே திசையில் நடந்தனர் என்பதற்கில்லை. பிரான்சில் ஆல்பர் தெ மூன் அமைத்த தொழிலாளர் மன்றங்களை மேற்குடியினரே வழிநடத்தினர். 1884 முதல் ஆயர் மெர்மியோ தலைமையில் கூடிய ஃபிரிபூர்க் ஒன்றியத்தினர், முதலாளியும் தொழிலாளியும் ஒருங்கே அமரும் கலப்புச் சங்கங்களையே பெரிதும் விரும்பினர். அமெரிக்காவில் நிலைமை வேறு. 'உழைப்பின் வீரர்கள்' என்னும் தொழிலாளர் அமைப்பைத் தடைசெய்ய வேண்டாமெனக் கர்தினால் கிப்பன்ஸ் 1887-இல் உரோமையில் மன்றாடினார். இலண்டனில் 1889-ஆம் ஆண்டுத் துறைமுக வேலைநிறுத்தத்தின்போது கர்தினால் மேனிங் தொழிலாளர் நம்பிக்கையைப் பெற்ற நடுவராக விளங்கினார். ஆகவே, உழைப்போர் தாமே தமக்கெனச் சங்கம் அமைக்கலாமா, மேலோர் கண்காணிப்பில்தான் அமைக்க வேண்டுமா என்பது 1891-இல் முடிவுறாத வழக்காகவே இருந்தது.

வரைவுகள் காட்டுவது

'ரேரும் நோவாரும்' ஒருவர் கைப்பட எழுதியதன்று. முதல் வரைவை இயேசு சபையினரான மத்தேயோ லிபராத்தோரே எழுதினார். தொமினிக்கன் சபையைச் சேர்ந்த கர்தினால் சிலியாரா அதனை வேறு வடிவில் அமைத்தார். பின்னர்ச் செயலர்கள் இலத்தீன் வடிவைச் செப்பமிட்டனர். ஜியோவான்னி அந்தோனாத்சி இவ்வரைவுகளைத் திரட்டி 1957-இல் பதிப்பித்தார். மேற்கூறிய வழக்கிற்கு அப்பதிப்பு நேரான சான்று தருகிறது. தொழிலாளர் மட்டுமே கொண்ட சங்கங்களையும் கலப்புச் சங்கங்களுக்கு இணையாக ஏற்கும் தொடர், மடல் உருவாக்கத்தின் பிற்கட்டத்திலேயே சேர்க்கப்பட்டது. பின்னாளில் கத்தோலிக்கத் தொழிற்சங்க இயக்கம் முழுவதும் தன் உரிமைச் சான்றாகக் கொண்டது ஏறத்தாழ ஓர் இடைச்செருகல் எனலாம்.

கூலி குறித்தும் அவ்வாறே. சிக்கனமும் நல்லொழுக்கமும் உடைய தொழிலாளி வாழப் போதுமான கூலி என்கிறது மடல். குடும்பமும் இதில் அடங்குமா என்ற ஐயம் பெல்ஜியத்திலிருந்து எழுந்தபோது, குடும்பத்திற்குப் போதாத கூலி தரும் முதலாளி நீதிக்கு எதிராகத் தவறு செய்தவராகார் எனச் சிலியாரா 1891-லேயே விடையளித்தார். 1931 மடலோ குடும்பக் கூலியைக் கோருவதுடன், நடப்புச் சூழலில் அது இயலாதெனின் அச்சூழலையே மாற்றுவது சமூக நீதியின் கடமை என்கிறது. இதனை வளர்ச்சி என்பதைவிடத் திருத்தம் என்பதே பொருந்தும்.

1931-உம் ஆஸ்திரியாவும்

'குவாத்ராஜேசிமோ ஆன்னோ' மடலை வரையும் பணி, இயேசு சபைத் தலைவர் லெடோகோவ்ஸ்கி வழியாக ஆஸ்வால்ட் ஃபொன் நெல்-புரூனிங் என்னும் ஜெர்மானிய இயேசு சபையினரிடம் மறைவாக ஒப்படைக்கப்பட்டது. சிறு அமைப்புகளால் இயல்வதைப் பேரமைப்பு பறித்துக்கொள்ளலாகாது என்னும் துணைமைக் கோட்பாட்டால் இம்மடல் புகழ்பெற்றது. ஆனால் அதில் இத்தாலிய அரசின் தொழிற்கழக அமைப்பை விவரிக்கும் ஒரு பகுதியும் உண்டு; இன்றைய பதிப்புகள் அதற்கு 91 முதல் 96 வரை எண்ணிடுகின்றன. அவ்வமைப்பின் நலன்களைக் கூறிவிட்டு, மக்களின் தன்னுரிமைச் செயற்பாட்டின் இடத்தை அரசே எடுத்துக்கொள்கிறது என அஞ்சுவோரும் உளர் என்று அப்பகுதி மெல்லிய குரலில் குறிப்பிடுகிறது.

மெல்லிய குரலைக் கேட்பார் இல்லை. ஆஸ்திரியாவில் நாடாளுமன்றத்தை முடக்கி ஆண்ட டால்ஃபுஸ், இம்மடலின் நெறிப்படியே நாட்டை அமைப்பதாகக் கூறி 1934 மே 1-இல் புதிய அரசியலமைப்பை அறிவித்தார். அதற்குச் சில வாரங்கள் முன்னர், பிப்ரவரி மோதலையடுத்துச் சமதர்மத் தொழிற்சங்கங்கள் தடைசெய்யப்பட்டிருந்தன; கிறித்தவத் தொழிற்சங்கங்களும் தம் தனித்தன்மை இழந்து, அரசு உருவாக்கிய ஒரே சங்கத்தினுள் அடங்க நேர்ந்தது. 1891-இல் கடைசி நேரத்தில் நுழைந்த உரிமை, 1931 மடலின் பெயராலேயே பறிபோயிற்று. இரு மடல்களையும் ஒரே குரலாக வாசிக்கும் முறையில் இம்முரணுக்கு விளக்கம் கிடைப்பதில்லை.

1971-இல் நெல்-புரூனிங் எழுதிய நினைவுக் கட்டுரை இங்கு இன்றியமையாதது. இத்தாலிய அமைப்பு பற்றிய அப்பகுதி தம்முடையதன்று, பதினோராம் பயஸ் தாமே எழுதிச் சேர்த்தது என அதில் அவர் வெளிப்படுத்தினார். அதனைப் பாராட்டாக வாசித்தது பிழை என்பதும் அவர் கருத்து. இவ்விளக்கம் வந்தபோது மடல் வெளியாகி நாற்பது ஆண்டுகள் கடந்திருந்தன; 1934-இல் வியன்னாவில் மடலைக் கையில் வைத்திருந்த தொழிற்சங்கத்தினர்க்கு அதன் எப்பகுதி எவர் கையால் எழுதப்பட்டது என அறிய வழியே இருக்கவில்லை.