வழிகாட்டுநர் யாரிடம் பேச வேண்டும்? வறிய குடும்பங்களின் வீட்டு நிலைப்பும் தற்சார்பும்: அமெரிக்கத் திட்டங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

1. சிக்கல்

அமெரிக்க வீட்டுவசதித் திட்டங்களில் வழிகாட்டுநர் என்றொரு பணியாளரை இன்று பல நகரங்களில் காணலாம். அரசின் வாடகை உதவி பெறும் குடும்பத்தோடு அவர் அவ்வப்போது உட்காருகிறார். வரவு செலவை எழுதவைக்கிறார், எந்தக் கடனை முதலில் அடைப்பது என்று பேசுகிறார், படிப்புக்கோ வேலைக்கோ ஓர் இலக்கு வகுக்கத் துணைநிற்கிறார். குடும்பம் ஒரே வீட்டில் நிலைக்க வேண்டும், பிறகு சொந்த வருமானத்தில் நிற்க வேண்டும் என்பதே நோக்கம்.

இந்தப் பணியைப் பற்றி இரண்டு தீர்ப்புகள் நெடுங்காலமாக எதிரெதிரே நிற்கின்றன. வறுமை என்பது பணமின்மை, எனவே பணத்தைக் கொடுத்தால் போதும், அறிவுரை வேண்டாம் என்பது ஒன்று. பணம் மட்டும் கொடுத்தால் சார்புதான் வளரும், பழக்கம் மாறினால்தான் நிலைமை மாறும் என்பது மற்றொன்று. வழிகாட்டல் வேண்டுமா வேண்டாமா என்று கேட்பதால்தான் இந்த வழக்கு முடியாமல் இழுக்கிறது என்பது இக்கட்டுரையின் கருத்து. வழிகாட்டுநர் தம் உழைப்பை எந்தப் பக்கம் செலுத்துகிறார் என்று கேட்க வேண்டும். குடும்பத்தின் உள்ளே எதையோ திருத்த முயலும் வழிகாட்டலுக்குக் கிடைத்துள்ள சான்று மெலிந்தது. வீட்டுக்காரர், முன்பணம், வாடகை விதி போன்று குடும்பத்துக்கு வெளியே நிற்கும் தடைகளை நகர்த்தும் வழிகாட்டலுக்குக் கிடைத்துள்ள சான்று வலுவானது.

2. ஒரு முன்னோடி

இந்தப் பணியின் வேர் லண்டனில் இருக்கிறது. 1865இல் எழுத்தாளர் ஜான் ரஸ்கின் கொடுத்த பணத்தைக் கொண்டு ஆக்டேவியா ஹில் மேரிலபோன் பகுதியின் பாரடைஸ் பிளேஸில் மூன்று பழைய வீடுகளின் பொறுப்பை ஏற்றார். முதலீட்டுக்கு ஆண்டுக்கு 5 விழுக்காடு ஈட்டித் தர வேண்டும் என்பது ஏற்பாடு. அவரும் அவர் பழக்கிய பெண்களும் வாராவாரம் வாடகை வாங்கப் போனார்கள். போகும்போதே வீட்டு நிர்வாகம், சேமிப்பு, பிள்ளைகளின் படிப்பு ஆகியவற்றைப் பற்றியும் பேசினார்கள். வாடகை தவறியவர்கள் வெளியேற்றப்பட்டார்கள்.

ஹில்லை ஒழுக்கம் போதித்த மேட்டுக்குடிப் பெண்ணாக மட்டும் காட்டும் வாசிப்பு ஒன்று உண்டு. அது பாதி உண்மை. பழுதுபார்ப்புக்கென ஒதுக்கிய தொகையில் மிஞ்சியதைக் குடியிருப்போர் விரும்பிய மேம்பாட்டுக்குச் செலவிட்டதும் அவரது முறையின் பகுதியே. அறிவுரையோடு கட்டடமும் மாறியது. ஆனால் ஹில்லின் முறையில் அறிவுரை சொல்பவரே வாடகை வாங்குபவர், வெளியேற்றும் அதிகாரமும் அவருக்கே. வீட்டுக்காரரின் பிரதிநிதியாக அவர் குடும்பத்திடம் பேசினார். குடும்பத்தின் பிரதிநிதியாக வீட்டுக்காரரிடம் பேச ஒருவரும் இல்லை. பின்னாளின் பல திட்டங்கள் இந்தத் திசையை ஆராயாமலே ஏற்றுக்கொண்டன.

3. வாடகை விதியும் வைப்புக் கணக்கும்

அமெரிக்காவில் அரசு வாடகை உதவி பெறும் குடும்பம், சில கழிவுகள் போக எஞ்சும் வருமானத்தில் பொதுவாக 30 விழுக்காட்டை வாடகையாகக் கட்டுகிறது. 1969இல் இந்த வரம்பு 25 விழுக்காடாக இருந்தது, 1981இல் 30 ஆக உயர்ந்தது. வருமானம் கூடினால் வாடகையும் கூடும். மாத வருமானம் 1,000 டாலர் எனக் கணக்கிடப்படும் குடும்பம் 300 டாலர் கட்டும். வருமானம் 1,600 ஆனால் வாடகை 480. கூடுதலாக உழைத்துப் பெற்ற 600இல் 180 உடனே போய்விடுகிறது. வருமானவரியும் மற்ற உதவிகளின் குறைப்பும் தனி.

1990ஆம் ஆண்டின் தேசிய மலிவு வீட்டுவசதிச் சட்டத்தின் வழி வந்த குடும்பத் தற்சார்புத் திட்டம் இந்த விதியைத்தான் தொட்டது. சேரும் குடும்பம் ஐந்தாண்டு ஒப்பந்தம் செய்கிறது. வருமானம் கூடும்போது உயர்ந்த வாடகையைக் கட்டுகிறது, ஆனால் உயர்வுக்கு ஈடான தொகையை வீட்டுவசதி முகமை அந்தக் குடும்பத்தின் பெயரில் வைப்புக் கணக்கில் சேர்க்கிறது. மேற்சொன்ன கணக்கில் ஆண்டுக்கு 2,160 டாலர். ஒப்பந்தத்தை நிறைவேற்றியவர் அந்தத் தொகையைத் தம் விருப்பப்படி செலவிடலாம். முடிக்காமல் விலகினால் தொகை கைவிட்டுப் போகும். அப்படி இழக்கப்படும் பணத்தைத் திட்டத்தில் தொடரும் குடும்பங்களுக்கே பயன்படுத்த வேண்டும் என்ற விதி 2022இல்தான் வந்தது. இதோடு ஓர் ஒருங்கிணைப்பாளரின் வழிகாட்டலும் உண்டு. கூட்டரசு நிதி ஒதுக்கும் அளவைப் பார்த்தால், முதல் ஒருங்கிணைப்பாளருக்கு 25 குடும்பங்கள், அடுத்து வரும் ஒவ்வொருவருக்கும் 50.

விளைவு என்ன? எம்.டி.ஆர்.சி. என்ற ஆய்வு நிறுவனம் 7 மாநிலங்களில் 18 முகமைகளைச் சேர்ந்த 2,600க்கு மேற்பட்ட குடும்பங்களைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து ஆராய்ந்தது. திட்டத்தில் சேர்ந்தவர்கள் சேவைகளை அதிகம் பயன்படுத்தினார்கள். முதல் மூன்றாண்டுகளில் அவர்களின் மொத்த வருவாய் மற்றவர்களைவிடக் கூடவில்லை. இதே நிறுவனம் முன்னதாக நியூயார்க்கில் நடத்திய சோதனையில், இத்திட்டத்தோடு ரொக்க ஊக்கத்தொகையும் சேர்ந்தபோது, தொடக்கத்தில் வேலையின்றி இருந்தவர்களின் வருவாய் உயர்ந்தது. ஊக்கத்தொகை இல்லாத குழுவில் அப்படி நேரவில்லை.

மாசசூசெட்ஸில் லின், கேம்பிரிட்ஜ் நகர முகமைகளோடு சேர்ந்து காம்பஸ் ஒர்க்கிங் கேபிடல் என்ற தொண்டு நிறுவனம் நடத்திய இத்திட்டத்தின் வடிவம் வேறு கதை சொல்கிறது. ஏப்ட் அசோசியேட்ஸ் என்ற ஆய்வு நிறுவனம் 2017இல் வெளியிட்ட மதிப்பீடு, ஒத்த நிலையிலுள்ள குடும்பங்களோடு ஒப்பிட்டு, ஆண்டு வருவாய் சராசரியாக 6,300 டாலர் அளவுக்குக் கூடியதாகக் கண்டது. ஆனால் இது குலுக்கல் ஆய்வு அன்று. தாமாக முன்வந்து சேர்ந்தவர்களின் முனைப்பை ஒத்த குடும்பங்களைத் தேடி ஒப்பிடும் முறையால் முழுதாகக் கழித்துவிட முடியாது. மேலும் காம்பஸ் தன் வழிகாட்டலின் நடுவில் வைத்தது அந்த வைப்புக் கணக்கையே. அறிவுரையின் பலன் எவ்வளவு, கணக்கில் ஏறும் பணத்தின் பலன் எவ்வளவு என்று பிரித்துக் காட்ட இந்த ஆய்வால் இயலாது.

4. விழுப்புரத்துக் கரும்பு

வழிகாட்டலுக்கு அறிவியல் அடிப்படை தேடுவோர் அடிக்கடி சுட்டும் ஆய்வு ஒன்று தமிழ்நாட்டில் நடந்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்தார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவ் ஆகியோர் 2013இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டது அது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்பும் பின்பும் சோதித்தார்கள். ஆலையின் அரவைத் திறனுக்கேற்ப வெட்டு மாதக்கணக்கில் முன்பின்னாக நடப்பதால், ஒரே மாதத்தில் ஒருவர் கையில் காசு இருக்கும், பக்கத்து வயல்காரர் கையில் இருக்காது. பருவகாலத்தின் விளைவையும் பணத்தின் விளைவையும் பிரித்தறிய இது உதவியது. அடகும் கடனும் மிகுந்த அறுவடைக்கு முந்தைய நாட்களைவிட, அறுவடைக்குப் பின் அதே மனிதர்கள் சிந்தனைச் சோதனைகளில் மேலாகச் செய்தார்கள்.

வழிகாட்டல் நிறுவனங்கள் சில இதிலிருந்து எடுத்த முடிவு: வறுமை சிந்தனையின் மேல் சுமையேற்றுகிறது, ஆகவே திட்டமிடும் திறனைப் பயிற்சியால் வளர்க்க வேண்டும். ஆய்வு காட்டுவது வேறு. அந்த விவசாயிகளுக்கு யாரும் பயிற்சி அளிக்கவில்லை. கரும்பு வெட்டுப்பட்டது, பணம் வந்தது, சிந்தனை தெளிந்தது. திறன் அவர்களிடம் முன்பே இருந்தது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை. விழுப்புரத்து ஆய்வின் கண்டுபிடிப்பும் எல்லா இடத்துக்கும் பொருந்துவதாகத் தெரியவில்லை. கார்வால்ஹோ, மையர், வாங் ஆகியோர் 2016இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவின் வறிய குடும்பத்தினரிடம் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் இத்தகைய வேறுபாடு தென்படவில்லை. சில நாட்களில் வந்துவிடும் சம்பளமும் ஆண்டுக்கொருமுறை வரும் அறுவடைப் பணமும் ஒன்றல்ல என்பது ஒரு விளக்கமாக இருக்கலாம். இரண்டில் எதை ஏற்றாலும் 'முதலில் பயிற்சி' என்ற முடிவுக்கு இடமில்லை.

5. கூரையும் சேவையும்

வீடிழந்து காப்பகத்துக்கு வந்த 2,282 குடும்பங்களை 12 பகுதிகளில் 2010 முதல் 2012 வரை சேர்த்து நடத்தப்பட்ட குடும்ப விருப்பங்கள் ஆய்வு, பணமா சேவையா என்ற வழக்கை நேராகச் சோதித்தது. ஒரு குழுவுக்கு நீண்டகால வாடகை வவுச்சர் (வாடகை உதவிச் சீட்டு) தரப்பட்டது, தொடர் சேவை எதுவும் இணைக்கப்படவில்லை. இன்னொரு குழுவுக்குச் செறிந்த சேவைகளோடு இடைக்கால வீடு. மற்றொன்றுக்குக் குறுகியகால வாடகை உதவி. கடைசிக் குழு வழக்கமான முறையில் விடப்பட்டது.

37 மாதங்களுக்குப் பின் பார்த்தபோது, வவுச்சர் குழுவில் வீடின்மை பாதியாகக் குறைந்திருந்தது. உணவுப் பற்றாக்குறையும் குடும்ப வன்முறையும்கூடக் குறைந்தன. செலவு வழக்கமான முறையைவிடச் சுமார் 9 விழுக்காடு மட்டுமே அதிகம். இடைக்கால வீட்டுக் குழு காப்பகத்தில் தங்கியது ஓரளவு குறைந்தாலும், சேவைகள் வளர்க்க முனைந்த மற்றத் துறைகளில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தெரியவில்லை. நியாயத்துக்கு ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: வவுச்சர் குழுவில் வேலைக்குப் போவோர் பங்கு தொடக்க ஆண்டுகளில் சற்றுக் குறைந்தது. 'பணம் சார்பை வளர்க்கும்' என்போரின் வாதத்துக்கு இது ஓரளவு இடம் தருகிறது. ஆனால் பிள்ளைகளோடு காப்பகத்திலிருந்து வந்த தாய், சில காலம் வேலை நேரத்தைக் குறைத்துக்கொள்வதைத் தோல்வியென்று எழுதும் அளவுகோலை ஏற்க வேண்டிய கட்டாயம் நமக்கில்லை.

6. சியாட்டில்: திசை மாறியபோது

இதுவரை பார்த்ததிலிருந்து வழிகாட்டலே வீண் என்று முடித்தால், சியாட்டில், கிங் மாவட்ட வீட்டுவசதி முகமைகள் சேர்ந்து நடத்திய சோதனை அதை மறுக்கிறது. பின்னணி இது: 1990களில் ஐந்து பெருநகரங்களில் நடந்த 'வாய்ப்பை நோக்கிய இடப்பெயர்வு' சோதனையைப் பொருளியலாளர் ராஜ் செட்டியும் கூட்டாளிகளும் 2015இல் மீண்டும் ஆராய்ந்தார்கள். 13 வயதுக்குள் வறுமை குறைந்த பகுதிக்குக் குடிபெயர்ந்த பிள்ளைகள் இருபதுகளின் நடுவில் சுமார் 31 விழுக்காடு கூடுதலாகச் சம்பாதித்தார்கள். ஆனாலும் வவுச்சர் பெறும் குடும்பங்களில் பெரும்பாலானவை அத்தகைய பகுதிகளுக்குப் போவதில்லை. அவர்கள் விரும்பாததாலா, தடையாலா?

2018இல் தொடங்கிய சியாட்டில் சோதனையில் இரு குழுக்களுக்கும் ஒரே வவுச்சர். ஒரு குழுவுக்கு மட்டும் கூடுதலாக ஒரு வழித்துணையாளர். அவர் குடும்பத்தின் வாடகை வரலாற்றை வீட்டுக்காரர் ஏற்கும் வகையில் எழுதித் தர உதவினார், வீட்டுக்காரர்களை நேரில் தொடர்புகொண்டு பேசினார். முன்பணத்துக்கும் விண்ணப்பக் கட்டணத்துக்கும் பண உதவி கிடைத்தது. வீட்டுக்குச் சேதம் நேர்ந்தால் ஈடுகட்ட ஒரு நிதியும் இருந்தது. வாய்ப்பு மிகுந்த பகுதியில் வீடு பிடித்தவர்கள் ஒப்பீட்டுக் குழுவில் 15 விழுக்காடு, உதவி பெற்ற குழுவில் 53 விழுக்காடு. ஒரு குடும்பத்துக்கான செலவு ஏறத்தாழ 2,600 டாலர். அடுத்த கட்டத்தில் சேவையைக் குறைத்து, தகவலும் பண உதவியும் மட்டும் அளித்துப் பார்த்தபோது பலன் வெகுவாகச் சுருங்கியது.

'பணம் கொடுத்தால் போதும்' என்ற தீர்ப்பு இங்கே அடிபடுகிறது, மனிதத் துணை தேவைப்பட்டது. 'பழக்கம் மாற வேண்டும்' என்ற தீர்ப்பும் அடிபடுகிறது, குடும்பங்களின் விருப்பமும் நடத்தையும் முன்பே போதுமானவையாக இருந்தன. ஹில் வீட்டுக்காரருக்காகக் குடும்பத்திடம் பேசினார், சியாட்டிலின் வழித்துணையாளர் குடும்பத்துக்காக வீட்டுக்காரரிடம் பேசினார்.

7. மறுப்பும் முடிவும்

வீடு பிடிப்பது ஒருமுறை முடியும் வேலை, தற்சார்பு நீண்ட காலத்து மாற்றம், இரண்டையும் ஒரே தராசில் வைக்கலாமா என்று கேட்கலாம். வைக்கலாம். வறிய குடும்பத்தின் நீண்ட காலம் என்பதே இத்தகைய ஒருமுறைத் தடைகளின் தொடர்தான்: முன்பணம், பழைய வெளியேற்ற வழக்கு, பிள்ளைக் காப்பகத்தில் இடம், சம்பளம் கூடியதும் நிற்கும் உதவி. ஒவ்வொன்றுக்கும் மறுமுனையில் ஓர் அலுவலகமோ உரிமையாளரோ இருக்கிறார். குடும்பத் தற்சார்புத் திட்டத்திலும் புதுமையாக நின்றது வாடகை விதியைத் திருப்பிய வைப்புக் கணக்கே. ஐம்பது குடும்பங்களைக் கவனிக்கும் ஒருங்கிணைப்பாளருக்கு அவர்கள் சார்பில் வெளியே போய்ப் பேச நேரம் எங்கே?

இன்னொரு மறுப்பு கனமானது. தகுதியுள்ள அமெரிக்கக் குடும்பங்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கே கூட்டரசு வாடகை உதவி கிடைக்கிறது. வரிசை நீளமாக இருக்கும்போது, உள்ளே இருப்பவர்கள் விரைந்து வெளியேற வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம்தானே? அந்த எதிர்பார்ப்பால்தான் 'உதவியை விட்டு விலகினார்' என்பதே வெற்றியின் அளவுகோலாகிவிடுகிறது. ஆனால் நிதிப் பற்றாக்குறையால் நீண்ட வரிசையைக் குடும்பத்தின் முனைப்பால் குறைக்கச் சொல்வது, அரசின் பொறுப்பை வழிகாட்டுநர் வழியாகக் குடும்பத்தின் தலையில் இறக்குவதாகும். விலகிய குடும்பம் ஈராண்டு கழித்து எங்கே வசிக்கிறது என்று கேட்காத அளவுகோல் நிலைப்பை அளப்பதில்லை.

ஆகவே இத்தகைய திட்டத்தை மதிப்பிடுவோர், குடும்பங்கள் எத்தனை இலக்குகள் வகுத்தன என்பதை எண்ணுவதற்கு முன், வழிகாட்டுநரின் வேலை நேரத்தில் எவ்வளவு குடும்பத்துக்கு வெளியே செலவானது, அவர் கையில் செலவிட எவ்வளவு பணம் இருந்தது, எந்த விதியைத் தளர்த்தும் அதிகாரம் இருந்தது என்பவற்றைப் பதிவு செய்ய வேண்டும். இம்மூன்றும் இல்லாத இடத்தில் வழிகாட்டல் என்ற பெயரில் நடப்பது பெரும்பாலும் கண்காணிப்பே. அதற்கு ஒதுக்கும் பணத்தை வாடகையாகவே கொடுத்துவிடுவது, கிடைத்துள்ள சான்றுகளின்படி, கூடுதல் பயன் தரும்.