மாநாடு கைவிடப்படும்போது: பம்பாய் 1885, கோவை 2010

மும்பையில் ஆகஸ்டு கிராந்தி மைதானத்தை ஒட்டி அமைந்துள்ள தேஜ்பால் வளாகம், இந்திய தேசிய காங்கிரசின் முதல் மாநாடு கூடிய இடம் என்பதைப் பலரும் அறிவர். ஆனால் அம்மாநாடு அங்குக் கூடுவதாகத் திட்டமிடப்படவில்லை. அது பூனாவில் கூட வேண்டிய மாநாடு. கடைசி நாள்களில் அங்குக் கைவிடப்பட்டுப் பம்பாய்க்கு மாற்றப்பட்டது. பெரிய மாநாடொன்றைக் குறித்த இடத்தில், குறித்தவாறு நடத்த இயலாமற் போகும்போது அதனைக் கூட்டிய அமைப்பு என்னவாகிறது என்னும் வினாவுக்கு இந்நிகழ்வு ஒரு தொடக்கப் புள்ளியாகிறது. அதே வினா, 125 ஆண்டுகளுக்குப் பின்னர் உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தின் முன் வேறு வடிவில் வந்து நின்றது. இவ்விரு நிகழ்வுகளையும் அருகருகே வைத்து நோக்க இக்கட்டுரை முற்படுகிறது. ஒன்று அரசியல் மாநாடு, மற்றொன்று ஆய்வு மாநாடு. ஒன்று நாடளாவியது, மற்றொன்று உலகளாவியது. இவ்வேறுபாடுகளை மறந்துவிட்டு ஒப்பிடுவது பொருந்தாது. எனினும், இரண்டும் உறுப்பினர்களால் ஆன அமைப்புகள் என்பதே இங்கு நம் நோக்கிற்கு உரியது.

பூனாவும் பம்பாயும்

1885 மார்ச்சு மாதச் சுற்றறிக்கை, திசம்பர் 25 முதல் 31 வரை பூனாவில் கூடுமாறு பல மாகாணப் பிரதிநிதிகளை அழைத்தது. விருந்தோம்பும் பொறுப்பைப் பூனா சார்வஜனிக சபை ஏற்றது. பார்வதி மலைக்கு அருகிலுள்ள ஹீராபாக் இடமாகக் குறிக்கப்பட்டது. நாள் நெருங்கிய வேளையில் பூனாவில் வாந்திபேதி தலைகாட்டியது. வெளியூர்ப் பிரதிநிதிகளை அந்நகருக்கு வரவழைப்பது தகாது என முடிவு செய்யப்பட்டது. பம்பாய் மாகாணச் சங்கத்தார் உடனே பொறுப்பை ஏற்றனர். கோகுல்தாஸ் தேஜ்பால் சமஸ்கிருதக் கல்லூரியின் கட்டடமும் மாணவர் விடுதியும் கேட்டுப் பெறப்பட்டன. திசம்பர் 28ஆம் நாள் நண்பகலில் 72 பிரதிநிதிகளுடன் மாநாடு தொடங்கியது. உமேஷ் சந்திர பானர்ஜி தலைமை ஏற்றார். முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவர் சென்னையிலிருந்து சென்ற ஜி. சுப்பிரமணிய ஐயர்.

மூன்று நாள் தாமதமும் ஓர் இடமாற்றமும் தவிர வேறு இழப்பில்லை. இது எவ்வாறு இயன்றது? நோய் பரவிய செய்தி வந்து, மாற்றிடம் கண்டு, உணவும் உறையுளும் அமைத்து, நாட்டின் நான்கு மூலைகளிலிருந்தும் புறப்பட்டவர்களை வேறு நகருக்குத் திருப்புவது எளிய பணியன்று. இதில் இருப்புப்பாதைக்குப் பெரும் பங்குண்டு. சென்னையிலிருந்து ராய்ச்சூர் வழியே 1871இல் இணைக்கப்பட்ட பாதை பூனாவைக் கடந்துதான் பம்பாய் சேர்கிறது. ஆகவே சென்னைப் பிரதிநிதிகளுக்கு இவ்விடமாற்றம் போர் மலைச்சரிவு வழியாக இன்னும் சில மணி நேரப் பயணம், அவ்வளவே. பூனாவுக்குப் பதிலாக இருப்புப்பாதை எட்டாத நகரொன்று தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தால் கதை வேறாகியிருக்கும்.

ஆனால் இருப்புப்பாதை ஆட்களைக் கொண்டு சேர்க்குமேயன்றி வரவேற்காது. காங்கிரசு என்னும் அமைப்பு அப்போது இன்னும் பிறக்கவில்லை. பிறக்காத அமைப்பின் முதல் மாநாட்டைத் தாங்கி நின்றவை, அதற்கு முன்பே வேரூன்றியிருந்த மாகாணச் சங்கங்கள். 1870இல் தோன்றிய பூனா சார்வஜனிக சபையில் உறுப்பினராக விரும்புவோர், குறைந்தது ஐம்பது பேரிடமிருந்து அதிகாரப் பத்திரம் பெற்றுவர வேண்டும் என்பது விதி. சென்னை மகாஜன சபை 1884இல் தொடங்கப்பெற்றது. பம்பாய் மாகாணச் சங்கம் 1885 சனவரியில் பெரோஸ்ஷா மேத்தா, தெலாங், தியாப்ஜி ஆகியோர் முயற்சியால் உருவானது. ஓராண்டுகூட நிறைவடையாத சங்கம்தான் அது. ஆயினும் அதற்கு நகரில் ஆட்கள் இருந்தனர். யாரிடம் கேட்டால் கட்டடம் கிடைக்கும் என்பதை அறிந்தவர்கள் அவர்கள். ஒரு சங்கம் கைவிட்டதை மற்றொரு சங்கம் ஏந்தியது. அரசின் கருவூலத்தை எவரும் நாட வேண்டியிருக்கவில்லை, நாடியிருந்தாலும் கிடைத்திராது.

இந்நகரில் வாழும் தமிழருக்கு இவ்வியல்பு புதிதன்று. கிங்ஸ் சர்க்கிள் அருகே, மாட்டுங்காவையும் சயானையும் ஒட்டி 1952இல் தொடங்கப்பெற்ற சண்முகானந்த சபையின் பேரரங்கம் 1990இல் தீக்கு இரையாயிற்று. அது மீண்டும் திறக்கப்பட எட்டு ஆண்டுகள் ஆயின. அரங்கம் இல்லாத அவ்வெட்டாண்டுகளிலும் சபை இருந்தது. உறுப்பினர் இருந்தமையே காரணம். தாராவியிலும் செம்பூரிலும் உள்ள சிறிய தமிழ் அமைப்புகளும் இத்தகைய சந்தாக் கணக்கேட்டின் மீதே நிற்பவை. அவற்றின் ஆண்டு விழா ஒருமுறை தவறினால் அடுத்த ஆண்டு நடக்கும்.

உலகத் தமிழாராய்ச்சி மன்றம்

1964 சனவரியில் புதுதில்லியில் கூடிய 26ஆம் அனைத்துலகக் கீழைத்தேயவியல் மாநாட்டின்போது, சேவியர் தனிநாயக அடிகள், வ. அய். சுப்பிரமணியம் ஆகியோரின் முயற்சியால் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் நிறுவப்பட்டது. பிரெஞ்சு அறிஞர் ழான் ஃபிலியோசா தலைவரானார். அடிகளாரும் செக் நாட்டு அறிஞர் கமில் சுவலபிலும் செயலாளர்களாயினர். முதல் மூன்று மாநாடுகள் ஈராண்டு இடைவெளியில் முறையே கோலாலம்பூர் (1966), சென்னை (1968), பாரிசு (1970) ஆகிய நகரங்களில் கூடின. அதன்பின் இடைவெளி சீராக இல்லை. யாழ்ப்பாணம் 1974, மதுரை 1981, மீண்டும் கோலாலம்பூர் 1987, மொரீசியசு 1989, தஞ்சாவூர் 1995 என அது நீண்டது.

மன்றத்திற்கு நிலையான தலைமையகமோ பெருநிதியோ இல்லை. மாநாடு கூடும்போது மன்றமும் கூடும். மாநாடு கலைந்தபின் அது ஒரு சில அறிஞர்களின் கடிதப் போக்குவரத்தாகச் சுருங்கும். செலவை ஏற்பவர் விருந்தோம்பும் அரசு. தமிழ்நாட்டு மாநாடுகளைப் பொறுத்தவரை இதனால் நன்மை விளையவில்லை என்று கூற முடியாது. 1968 மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் சிலைகள் எழுந்தன. மாநாடுகள் தந்த உந்துதலின் பயனாக உலகத் தமிழாராய்ச்சி நிறுவனமும், 1981இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகமும் தோன்றின. சிலைகளைப் பற்றி எவ்வாறு கருதினாலும் பின்னவை இரண்டும் ஆய்வுலகிற்கு வாய்த்த நிலைத்த பேறுகள். ஆனால் செலவை ஏற்றவர் ஊர்வலத்தையும் விழா மேடையையும் தம் விருப்பப்படி அமைத்தனர். 1995 தஞ்சை மாநாட்டிற்கு வந்த ஈழத்து அறிஞர்களுள் கா. சிவத்தம்பி உள்ளிட்ட சிலர் திருப்பி அனுப்பப்பட்டனர். மன்றம் அழைத்த விருந்தினரை மன்றத்தால் காக்க இயலவில்லை.

இதற்கு மாறான சான்று யாழ்ப்பாணம். நான்காம் மாநாட்டைக் கொழும்பில் நடத்துமாறு இலங்கை அரசு வற்புறுத்தியது. அமைப்பாளரிடையே பிளவு நேர்ந்தது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் தலைமையில் இலங்கைக் கிளை யாழ்ப்பாணத்திலேயே அதனை நடத்தியது. வெளிநாட்டு அறிஞர் சிலருக்கு நுழைவிசைவு மறுக்கப்பட்டது. இறுதி நாளான 1974 சனவரி 10 அன்று வீரசிங்கம் மண்டபத்தின் முன் கூடிய மக்களிடையே காவல்துறை புகுந்ததால் உயிர்கள் பலியாயின. அத்துயரம் ஈழ வரலாற்றில் தனியே எழுதப்பட வேண்டியது. நம் பொருளுக்கு வேண்டுவது இவ்வளவே: அரசு விரும்பாத மாநாடு நடைபெற முடிந்தது. ஊரார் வீதிகளை அலங்கரித்தனர், பொருள் கொடுத்தனர், விருந்தினரை ஏற்றனர். கிளை என்று சொல்லத்தக்க ஒன்று அங்கு உண்மையிலேயே இருந்தது.

கோவையில் நேர்ந்தது

1989 முதல் மன்றத்தின் தலைவராக விளங்கியவர் சப்பானிய வரலாற்றறிஞர் நொபொரு கராசிமா. எ. சுப்பராயலு, மட்சுயி ஆகியோருடன் சோழர் கல்வெட்டுப் பெயர்களைத் தொகுத்து 1978இல் அடைவாக வெளியிட்டவர். ஒவ்வொரு பெயராக எண்ணி, அட்டவணையிட்டு, அதன்பின்னரே முடிவு கூறும் ஆய்வு முறை அவருடையது. அவரிடம் 2009 செப்டம்பரில், ஒன்பதாம் உலகத் தமிழ் மாநாட்டை 2010 சனவரியில் கோவையில் நடத்தும் தமிழ்நாடு அரசின் விருப்பம் தெரிவிக்கப்பட்டது. முதலமைச்சர் மு. கருணாநிதியின் அறிவிப்பும் வெளிவந்தது. நான்கு மாதங்களில் உலகெங்கும் உள்ள அறிஞர்கள் தரமான கட்டுரை எழுதி வருவது இயலாது என்பது கராசிமாவின் மறுமொழி. 2010 இறுதி அல்லது 2011 தொடக்கம் என்றால் ஏற்கலாம் என்றார். 2011இல் சட்டமன்றத் தேர்தல் வரவிருந்த நிலையில் அரசு 2010 சூன் வரையே இசைந்தது. மன்றம் இணங்கவில்லை. இவ்விவரங்களை 2010 சூலையில் ‘தி இந்து’ நாளிதழில் எழுதிய கட்டுரையில் கராசிமாவே விளக்கியுள்ளார்.

இதன்பின் ஒன்பதாம் மாநாடு என்னும் பெயர் கைவிடப்பட்டது. மாநாடு கைவிடப்படவில்லை. 2010 சூன் 23 முதல் 27 வரை கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு என்னும் பெயரில் அது நிகழ்ந்தது. குடியரசுத் தலைவர் பிரதிபா பாட்டீல் தொடங்கி வைத்தார். சிந்துவெளி எழுத்தாய்வாளர் அஸ்கோ பர்போலா விருது பெற்றார். தஞ்சைக்கு வந்து திரும்ப நேர்ந்த சிவத்தம்பி, கோவைக்கு வந்து சிறப்பிக்கப்பட்டார். ஆய்வரங்குகளும் நடைபெற்றன. மன்றமின்றியே மாநாடு நடக்கும் என்பதை அரசு மெய்ப்பித்துக் காட்டியது. மாநாடின்றி மன்றம் நடக்குமா என்பதே எஞ்சிய வினா. கராசிமா அவ்வாண்டிலேயே தலைமைப் பொறுப்பினின்றும் விலகினார்.

கராசிமா பிடிவாதம் காட்டினார் என்றும், ஆறு மாதத்தை விட்டுக்கொடுத்திருந்தால் மன்றம் பிழைத்திருக்கும் என்றும் வாதிடலாம். இவ்வாதத்தில் வலு இல்லாமலில்லை. ஆயினும் கால வரையறையை ஆய்வாளர் அன்றித் தேர்தல் அட்டவணை முடிவு செய்யும் என்பதை ஒருமுறை ஏற்றபின், எவருடைய கட்டுரை வாசிக்கப்படும், எவருக்கு அழைப்புச் செல்லும் என்பவற்றை மறுக்கும் தகுதி மன்றத்திற்கு இராது. தஞ்சை அனுபவம் அவர் கண்முன் நின்றிருக்க வேண்டும். அவர் செய்த மறுப்பு சரியானதே என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. பிழை வேறிடத்தில் உள்ளது. 46 ஆண்டுக் காலத்தில், ஓர் அரசு விலகினால் மாநாட்டை ஏந்திக்கொள்ளும் இன்னொரு கையை மன்றம் வளர்த்துக் கொள்ளவில்லை. 1885இல் பூனா விட்டதைப் பம்பாய் ஏந்தியதைப்போலக் கோவை விட்டதை ஏந்த எந்தச் சங்கமும் ஆயத்தமாக இல்லை. மும்பை, தில்லி, கொழும்பு, சிங்கப்பூர் என உலகெங்கும் தமிழ்ச் சங்கங்கள் இருந்தன. மன்றத்தோடு அவற்றைப் பிணைக்கும் உறுப்பினர் முறைதான் இல்லை. பேராசிரியர்களின் மன்றம் ஒருபுறமும், பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடத்தும் சங்கங்கள் மறுபுறமும் தத்தம் வழியே சென்றன. இதில் மன்றத்தாரின் கல்விச் செருக்குக்கும் சிறிது பங்குண்டு எனலாம்.

ஒன்பதாம் மாநாடு 2015 சனவரி இறுதியில், மலேசியக் கல்வியாளர் தி. மாரிமுத்துவின் தலைமைக் காலத்தில், கோலாலம்பூரில் தொடங்கியது. தஞ்சைக்கும் அதற்கும் இடையே 20 ஆண்டுகள். முதல் மாநாடு கூடிய நகருக்கே மன்றம் திரும்பிச் செல்ல நேர்ந்தது. 2019 சூலையில் பத்தாம் மாநாடு சிகாகோவில் கூடியபோது, அதனை ஏந்தியவை வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கப் பேரவையும், தன் பொன்விழாவைக் கொண்டாடிய சிகாகோ தமிழ்ச் சங்கமும் ஆகும். பம்பாய் மாகாணச் சங்கத்தார் செய்த பணியை ஒத்தது இது. நாடகமும் இசையும் ஒரு கூடத்தில், ஆய்வுக் கட்டுரை மற்றொரு கூடத்தில் என்னும் ஏற்பாட்டைக் குறை கூறியோர் உண்டு. செலவு செய்தவர்கள் சந்தா செலுத்தும் உறுப்பினர்கள் என்பதைக் குறை கூறியோர் மறந்துவிட்டனர்.

அதன்பின் மன்றத்தின் உரிமை யாருடையது என்பதில் இரு தரப்பு தோன்றின. 2023 சூலையில் பதினோராம் மாநாடு என்னும் பெயரிலேயே சென்னையில் ஒரு கூட்டமும், அடுத்த சில வாரங்களுக்குள் கோலாலம்பூரில் மற்றொரு கூட்டமும் நடைபெற்றன. இவ்விரண்டில் எதனைக் கணக்கில் கொள்வது என்பதைப் பன்னிரண்டாம் மாநாட்டிற்கு அழைப்பு விடுப்போர் முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.