லேக் வியூ ரோட்டில் ஏரி எங்கே?

மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடுன்னு ஒரு தெரு இருக்கு. லேக்கும் கிடையாது, வியூவும் கிடையாது :-) ஆனா பேர் பொய்யில்லை. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை பக்கம் வரைக்கும் நீளமா ஒரு ஏரி கிடந்த இடம் அது. வெள்ளைக்காரன் அதை 'லாங் டேங்க்'ன்னு சொன்னான். 1920ல் நகரமைப்புச் சட்டம் வந்தது. 1923 வாக்கில், நீதிக்கட்சி ஆட்சியில், மாம்பலம் பக்கத்து ஏரியைத் தூர்த்து மனை போட ஆரம்பிச்சாங்க. அப்படிப் பிறந்ததுதான் நம்ம தி.நகர். தியாகராயர், பனகல் ராஜா, உஸ்மான், டாக்டர் நாயர், தணிகாசலம் செட்டியார்... பார்க்கிலும் ரோட்டிலும் அந்தக் கட்சிக்காரங்க பேராத்தான் இருக்கும்.

நான் சொல்ல வந்தது எதிர்முகாம் ஆளைப் பத்தி. தீரர் சத்தியமூர்த்தி.

திருமயத்துக்காரர், 1887ல் பிறந்தவர். சென்னை சட்டக் கல்லூரியில் படிச்சு வக்கீலானார். ஆனா கோர்ட்டில் வாதாடினதைவிட மேடையிலும் சட்டசபையிலும் வாதாடினதுதான் அதிகம். காமராஜரின் அரசியல் குருன்னு சொன்னா எல்லாருக்கும் தெரியும். எல்லா விஷயத்திலும் அவர் பக்கம் நிற்க என்னால முடியாது. தேவதாசி முறை ஒழிப்பில் முத்துலட்சுமி ரெட்டிக்கு எதிரா அவர் பேசினது பேசினதுதான். 1937ல் ராஜாஜி மந்திரிசபை அமைச்சப்போ இவருக்கு இடம் கிடைக்கலை. அந்த மந்திரிசபையும் 1939 அக்டோபரில் ராஜினாமா பண்ணிடுச்சு. அதே வருஷம்தான் இவர் சென்னை மேயரானார்.

அப்போ ஊரில் கடுமையான தண்ணிப் பஞ்சம். 1870கள்லேர்ந்து செங்குன்றம் ஏரியை நம்பியே பட்டணம் குடிச்சிட்டிருந்தது. ஜனம் பெருகிப்போச்சு, ஏரி பெருகலை. (மாம்பலம் ஏரி பாசன ஏரிதான். அது இருந்திருந்தா பஞ்சமே வந்திருக்காதுன்னு சண்டைக்கு வராதீங்க.) கொசஸ்தலை ஆத்து வெள்ளமோ மழைக்கு மழை எண்ணூர் பக்கம் கடலுக்குப் போயிட்டிருந்தது. திருவள்ளூர் தாண்டி பூண்டியில் அதை மறிச்சு ஒரு நீர்த்தேக்கம் கட்டணும். இதுதான் திட்டம்.

மேயர் நாற்காலியில் அதிகாரம்னு பெரிசா ஒண்ணும் இல்லை. நிர்வாகம் கமிஷனர் கையில், பதவிக்காலம் ஒரே வருஷம். மாகாணத்தை ஆண்டதோ கவர்னர், ஆலோசகர்களை வெச்சுக்கிட்டு. அது போக, உலகப் போர் வேற ஆரம்பிச்சாச்சு. வெள்ளைக்கார அரசாங்கத்தை எதிர்த்துப் பேசியே பேர் வாங்கின மனுஷன், அதே அரசாங்கத்துக்கிட்ட ஊருக்குத் தண்ணி கேட்டு விடாம வாதாடினார். எனக்கு அவர்கிட்ட ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். வீராப்பா உட்கார்ந்திருந்தா யார் கேட்டிருக்கப் போறாங்க? தன்னோட அந்த ஒரு வருஷத்துக்குள்ளேயே, 1940ல், கவர்னர் ஆர்தர் ஹோப்பை வெச்சு பூண்டியில் அடிக்கல் நாட்டவும் வெச்சுட்டார்.

1942 போராட்டத்தில் கைதானார். உடம்பு அதோட போச்சு. 1943 மார்ச் 28ல் சென்னை பொது மருத்துவமனையில் காலமானார். பூண்டி முடிஞ்சு திறந்தது 1944ல். தண்ணி நின்னதை அவர் பார்க்கலை. சத்தியமூர்த்தி சாகர்னு பேர் வெச்சது பின்னாடி.

1996ல் ஆந்திராவிலிருந்து கிருஷ்ணா தண்ணி வந்தப்போ அதுவும் முதல்ல பூண்டிக்குத்தான் வந்து சேர்ந்தது. 2019 கோடையில் பூண்டியும் செங்குன்றமும் சேர்ந்தே வறண்டப்போ, ஏரி இருந்த இடத்தில் கட்டின எங்க அபார்ட்மெண்ட் வாசல்ல நாங்க குடத்தோட லாரிக்கு நின்னுட்டிருந்தோம்.