எஸ்கேப் ஆக வழி தெரியாத எடிட்டர்

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன் மக்களே. இன்ஜினியரிங் ரெண்டாம் வருஷம், லினக்ஸ் லேப். 'விஐ எடிட்டர்ல ப்ரோக்ராம் அடிங்க'ன்னு சொல்லிட்டு மேடம் போயிட்டாங்க. அடிச்சா எழுத்து விழல, பீப் சத்தம்தான் வருது. எப்படியோ நாலு வரி அடிச்சா, வெளிய வரத் தெரியல. கடைசியில பவர் பட்டனையே அமுக்கிட்டேன். பக்கத்துல எல்லாரும் முடிச்சிட்டாங்க. இந்தப் பொட்டி தட்டுற பொழப்பு நமக்கு ஒத்துவராதோன்னு நெஜமாவே பயந்த நாள் அது.

வேலைக்கு வந்தப்புறம்தான் இதோட பூர்வீகத்தைத் தேடிப் படிச்சேன்.

1969-ல கென் தாம்சன் யூனிக்ஸுக்கு எழுதின எடிட்டர் பேரு ஈடி. அப்ப பலருக்குத் திரையே கிடையாது. டெலிடைப்னு ஒரு மிஷின், எல்லாத்தையும் பேப்பர்ல அடிச்சுத் தள்ளும், நொடிக்கு 10 எழுத்து. அதனால ஈடி வாயே தெறக்காது. தப்பு பண்ணினா ஒரு கேள்விக்குறி மட்டும் காட்டும். என்ன தப்புன்னு நாமளே யோசிச்சுக்கணும்!

லண்டன் குயீன் மேரி காலேஜ்ல இருந்த ஜார்ஜ் கூலூரிஸ், சாதா மனுஷங்களுக்குன்னு ஈஎம் என்ற எடிட்டரை எழுதினார். 1976 கோடையில அவர் அதோட பெர்க்லிக்குப் போனப்ப, அங்க பில் ஜாய்னு ஒரு மாணவர் பாத்தார். வயசு 21. நண்பர் சக் ஹேலியோட சேந்து அதுலேர்ந்து ஈஎக்ஸ்னு ஒண்ணு எழுதினார். அதுக்கு ஜாய் போட்ட திரை வடிவம்தான் விஐ.

ஜாய் தட்டினது ஏடிஎம் 3ஏ டெர்மினல்ல (பணம் எடுக்குற மிஷின் இல்லீங்க!). அதுல அம்புக்குறிக்குத் தனி கீ கிடையாது. ஹெச், ஜே, கே, எல் எழுத்துக்கள் மேலயே அம்பு வரைஞ்சிருக்கும். எஸ்கேப் கீ, இப்ப டேப் இருக்குற எடத்துல, சுண்டுவிரலுக்குப் பக்கத்துலயே. நாம இன்னிக்கு மூலைக்குக் கைய நீட்டி அமுக்குறோம்.

இன்னொண்ணு, அவர் வீட்டு மோடம் வேகம் 300 பாட். நொடிக்குச் சுமாரா 30 எழுத்து. 24 வரி, வரிக்கு 80 எழுத்துன்னா முழுத் திரையும் வரைய ஒரு நிமிஷத்துக்கு மேல ஆகும். அப்புறம் எங்க மெனு போட, உதவி வரி காட்ட? ரெண்டு தடவை டி தட்டினா ஒரு வரி காலி. முடிஞ்சது.

ஆக, நம்மளை மெரட்டின எடிட்டர், ஒரு ஸ்டூடண்ட் தன்கிட்ட இருந்த கீபோர்டுக்கும் மோடத்துக்கும் தோதா தெச்ச சட்டை. நமக்கு அளவு சேரலைன்னா நம்ம ஒடம்பு மேலயா தப்பு?

அந்தச் சட்டையைத்தான் 2023-ல மறைந்த பிராம் மூலனார் 1991-ல விம்னு புதுசாக்கி வெளியிட்டார். அதுலயும் ஹெச், ஜே, கே, எல் அப்படியே இருக்கு.

போன மாசம் டீம்ல புதுசா சேந்த பொண்ணு, சர்வர்ல விஐக்குள்ள மாட்டிக்கிட்டு முழிச்சிட்டிருந்தா. நான் ஆர்வமா ஏடிஎம் 3ஏ கீபோர்டு படத்தைத் தேடி எடுத்து, கதையை ஆரம்பிச்சேன்.

"அண்ணா, மொதல்ல வெளிய வரணும்!"

எஸ்கேப், கோலன், க்யூ, ஆச்சரியக்குறி, என்டர் :-)