வெட்டு விழுந்த இடம்

ஒரு பாடத்தை நாளைக்கு நடத்த வேண்டும். உட்கார்ந்து யோசித்தால், அதன் அஸ்திவாரம் தமக்கே விளங்கவில்லை என்று தெரிகிறது. ஓர் ஆசிரியர் என்ன செய்வார்? பெரும்பாலும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கரும்பலகைப் பக்கம் திரும்பிவிடுவார்.

கல்லூரியில் நான் கணிதம் படித்த இரண்டு வருஷத்தில் ஒரு நாள், "இரண்டின் வர்க்கமூலம் முடிகிறதே இல்லையே, ஸார், அதை எப்படி ஓர் எண் என்கிறோம்?" என்று கேட்டேன். "பரீட்சைக்கு வராது, உட்கார்" என்று பதில் வந்தது. வகுப்பு சிரித்தது. நானும் கதை எழுதப் போய்விட்டேன்.

1858-ல் ஜூரிச் நகரத்துப் பாலிடெக்னிக்கில் ரிச்சர்டு டெடிகிண்ட் என்ற இளைஞர் கணிதப் பேராசிரியராக இருந்தார். மாமேதை காஸிடம் டாக்டர் பட்டம் பெற்றவர். வயது 27. கால்குலஸின் ஆரம்பப் பாடங்களை முதல் தடவையாக நடத்த வேண்டிய பொறுப்பு அவருக்கு வந்தது. ஏறிக்கொண்டே போகும் ஓர் அளவு, ஒரு வரம்பைத் தாண்டாமலும் இருந்தால், அது ஏதோ ஓர் எல்லையை நெருங்கித்தான் ஆக வேண்டும். இதை எப்படி நிரூபிப்பது? கோடு கிழித்து, "இதோ பாருங்கள்" என்று விரலால் காட்டலாம். பாடம் சொல்ல அது உதவும் என்பதை அவரும் ஒப்புக்கொண்டார். ஆனால் விரலால் காட்டுவது நிரூபணம் ஆகுமா?

1821-லேயே பாரிஸில் கோஷி என்பவர் தம் மாணவர்களுக்காக எழுதிய நூலில் 'எல்லை' என்ற கருத்தைத் திருத்தமாக வகுத்திருந்தார். ஆனால் நெருங்கிப் போய்ச் சேருகிற இடத்தில் ஓர் எண் இருந்தாக வேண்டுமே! அதை யாரும் நிலைநாட்டவில்லை.

விடை கிடைக்கும்வரை யோசிப்பதென்று டெடிகிண்ட் தீர்மானித்தார். அந்த வருஷம் நவம்பர் 24-ம் தேதி விடை கிடைத்தது. தேதியைக்கூட அவர் மறக்கவில்லை.

பின்னங்களையும் முழு எண்களையும் வரிசையாக நிறுத்திக்கொள்ளுங்கள். 1.4-ஐ அதனாலேயே பெருக்கினால் 1.96, இரண்டுக்குக் குறைவு. 1.42-ஐப் பெருக்கினால் 2.0164, இரண்டுக்கு அதிகம். இப்படி, பெருக்கினால் இரண்டை எட்டாதவற்றை இடது பக்கம் தள்ளுங்கள். குறை எண்களும் அங்கேயே போகட்டும். இரண்டை மிஞ்சுகிறவற்றை வலது பக்கம் தள்ளுங்கள். நடுவே கத்தி விழுந்த இடத்தில் ஒரு பின்னமும் இல்லை, வெறும் இடைவெளி. "அந்த வெட்டுக்கு உரியதாக ஒரு புது எண்ணைப் படைத்துக்கொள்வோம்" என்றார் டெடிகிண்ட். அதுதான் இரண்டின் வர்க்கமூலம்! இப்படி ஒவ்வோர் இடைவெளியும் நிரம்பினால், கோட்டில் எங்கும் ஓட்டை இல்லை.

சில நாட்களில் ஒரு நண்பரிடம் சொன்னார். பிறகு சில மாணவர்களுக்கும் விளக்கினார். அச்சில் வந்தது 1872-ல்தான். இரண்டின் வர்க்கமூலத்தை மூன்றின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் ஆறின் வர்க்கமூலம் வரும் என்பதைப் பள்ளிப் பிள்ளைகள்கூட அறிவார்கள். அதுகூட அதுவரை சரியாக நிரூபிக்கப்படவில்லை என்று அந்தச் சிறு நூலில் அவர் சொன்னார்.

இன்று பல்கலைக்கழகங்களில் 'மெய்ப் பகுப்பாய்வு' என்ற பாடத்தில் நுழைகிற பிள்ளைகள் மிரண்டு போகிறார்கள். பள்ளியில் நூறு மதிப்பெண் வாங்கியவர்களும், தெரிந்த விஷயத்தையே ஏன் நிரூபிக்கச் சொல்கிறார்கள் என்று திகைக்கிறார்கள். அந்தப் பாடத்துக்குப் போகுமுன் சூத்திரங்களை மூட்டை கட்டிக்கொள்ள வேண்டியதில்லை. தெரிந்ததாக நினைத்த ஒன்றை எடுத்து, "இது எனக்கு எப்படித் தெரியும்?" என்று ஒரு மாலைப்பொழுது கேட்டுப் பார்த்தால் போதும். அந்தப் பாடமே அப்படிக் கேட்டதில் பிறந்ததுதானே!

என் கேள்விக்கு வகுப்பு சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது. அதே கேள்வியைத் தமக்குத் தாமே கேட்டுக்கொண்டு, பாடம் நடத்த வேண்டிய ஆசிரியரே ஒருவர் ஜூரிச்சில் திகைத்து உட்கார்ந்திருந்தார் என்று அன்றே தெரிந்திருந்தால், நான் உட்கார்ந்திருக்க மாட்டேன்.